நட்டெல்லாம் போட்டாச்சு

"போட்டாச்சுன்னு நீதானே அவன்கிட்டச் சொன்னே…"

"போட்டாச்சுன்னுதானுங்க சொன்னேன், முடுக்கியாச்சுன்னு நான் எப்ப…"

"வண்டியைத் தூக்கிக் குடுத்துப்போட்டு, இப்ப வார்த்தையைப் பிரிச்சுப் பிரிச்சுக் காட்டறியா?"

"நான் எங்க தூக்கிக் குடுத்தேன்? அவன் வண்டி, அவன் சாவி. எடுத்துட்டுப் போறான். குறுக்க படுத்துக்கச் சொல்றீங்களா?"

"படுத்திருக்கோணும்."

கார் நின்றிருந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டுதான் அன்பரசு இதைச் சொன்னார். ஆட்டையாம்பட்டியில் அவர்கள் வீட்டு முன்னாலுள்ள தகரக் கொட்டகையில், காலையில் அவர் வெளியே கிளம்பியபோது மனைவி மதுமதியின் தம்பி யோகேஷின் வெள்ளைக் கார் நான்கு சக்கரத்திலும் நின்றிருந்தது. இப்போது அங்கே ஜாக்கியும் மரக்கட்டைகளும் எண்ணெய்க் கறை ஏறிய ஒரு சாக்கும்தான் கிடந்தன. சாக்கின் மேல் பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர், அவர் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே இருந்தது. அந்த ஸ்பேனரால் செய்ய வேண்டிய வேலை மிச்சம் இருக்கும்போதே கார் போய்விட்டது.

மதுமதி தறிக்கூடத்து வாசலில் நின்றாள். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. உள்ளே விசைத்தறி ஓடிக்கொண்டே இருந்ததால் இரண்டு பேருமே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அவள் திரும்பிப் போய்த் தறியை நிறுத்திவிட்டு வந்தாள். சத்தம் நின்றதும், ஏதோ தவறு நடந்திருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது போலிருந்தது.

முடுக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்று கேட்டாள். அவர் சொன்னார். பின் சக்கரங்கள் இரண்டையும் தாங்குகிற பீமை வண்டியோடு பிடித்திருப்பது பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே போல்ட். அதில் நட்டு கையால் திருகிய அளவில்தான் இருக்கிறது. ஓட ஓட அது கழன்று வரும். கழன்றால் பின்பக்கம் ஒரு பக்கம் போகும், முன்பக்கம் ஒரு பக்கம் போகும்.

"அதை அவன்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க? இல்ல என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்."

இங்கேதான் அது நடந்தது. அன்பரசு யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகவே சொல்லிவிட்டது.

"உன்கிட்டச் சொல்லிட்டுத்தானே போனேன்."

"எப்ப?"

"போறப்பத்தான். தறிகிட்ட வந்து சொன்னனே, இன்னும் முடுக்கலை, யோகேஷ் வந்தா நிக்கச் சொல்லுன்னு. நீயும் தலையாட்டினே."

மதுமதியின் கை இடது காதுக்குப் போனது. சின்ன வயதிலிருந்து தறியடியிலேயே நின்று அவளுக்கு அந்தக் காது போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. வலது காதை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். தறி ஓடும்போது எதிரே நிற்பவரின் வாயைப் பார்த்துப் பேச்சைப் பிடித்துக்கொள்வாள். அந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். அதனால் தறிக்காரரிடம் பேசப் போகிறவர்கள் முதலில் தோளைத் தொடுவார்கள். அவர் திரும்பி முகம் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார்கள்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காலையை முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"நான் எல்லாத்துக்கும்தானுங்க தலையாட்டறேன்," என்றாள் கடைசியில். குரல் இறங்கிவிட்டது.

சண்டையில் அன்பரசு ஜெயித்துவிட்டார். சொல்லி முடித்த அந்த நொடியிலேயே அது பொய் என்று அவருக்குத் தெரியும்.

உண்மையில் நடந்தது இதுதான். அந்தக் காரின் பின்பக்கம் பல மாதமாகவே தட்டிக்கொண்டிருந்தது. பீம் வண்டியோடு சேரும் இடத்திலுள்ள ரப்பர் புஷ் கிழிந்து, ஷாக் அப்சர்பர் எண்ணெய் ஒழுகிப் போயிருந்தது. யோகேஷ் சேலத்தில் அஸ்தம்பட்டியில் குடியிருப்பவன், கல்லூரியில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவன். கடையில் விடப் போனவனை அன்பரசுதான் தடுத்தார். முப்பது வருசமா லாரியோட குடும்பம் நடத்தினவன் நான், இந்தத் தீப்பெட்டியை மாட்ட ஒரு கடையா மாப்ள, என்று சிரித்தார். பீமைக் கழற்றி, பழைய புஷ்ஷைத் தள்ளிப் புதியதை ஏற்றச் சேலத்தில் ஒரு கடைக்கு எடுத்துப் போனார். அந்தக் கடைக்காரர் ஒன்று சொல்லி அனுப்பினார். லாரியின் ஸ்பிரிங் பட்டைக்குப் பின்னைச் செருகிக் கிரீஸ் அடித்து, தொங்கும்போதே முடுக்கிவிடுகிற மாதிரி இதை முடுக்கிவிடக் கூடாது. சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, பின் சீட்டில் பாரம் ஏற்றி, ரப்பர் தன் இருப்புக்கு வந்த பிறகுதான் கடைசி முடுக்கு. இல்லையென்றால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

அன்பரசு அதைச் சரியாகவே கேட்டுக்கொண்டார். காலையில் பீமை ஜாக்கியால் மேலே தூக்கினார். ஸ்பிரிங் இரண்டையும் உட்கார வைத்தார். போல்ட் துளையை எட்ட அவர் கை பெரிதாக இருந்ததால் தறியிலிருந்து மதுமதியைக் கூப்பிட்டார். அவள் ஒருக்களித்துப் படுத்துக் கையை உள்ளே விட்டுப் போல்ட்டைத் தள்ளினாள், நட்டைத் திருகினாள். கையால் திருகினால் போதும் என்று அவர் சொன்னது வாஸ்தவம். ஏன் போதும் என்று சொல்லவில்லை. நூல் அறுந்திருக்கும் என்று அவள் உள்ளே ஓடிவிட்டாள். அவர் சக்கரத்தை மாட்டி வண்டியை இறக்கினார். இனி அவளைக் கூப்பிட்டுப் பின் சீட்டில் உட்காரவைக்க வேண்டும், பக்கத்தில் ஒரு அரிசி மூட்டையும் வைக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

அப்போது சின்னண்ணன் போன் செய்தார். பழைய லாரிக் கூட்டாளி. அரியானூர்ப் பக்கம் ஒரு லாரி விலைக்கு நிற்கிறது, நல்ல என்ஜின், இன்னொரு பார்ட்டியும் வந்து பார்க்கிறான், உடனே வந்தால் உண்டு என்றார்.

இருந்த லாரியை விற்றபோது அன்பரசு மதுமதிக்கு வாக்குக் கொடுத்திருந்தார், இனி லாரிப் பக்கம் போவதில்லை என்று. அந்த லாரி அவளை என்ன பாடு படுத்தியது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் போய்ப் பார்த்துவிட்டு வருவதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றியது. சோப்புப் போட்டுக் கை கழுவினார். தறிக்கூடத்து வாசலை ஒரு தடவை பார்த்தார். உள்ளே போனால் எங்கே என்று கேட்பாள். போகவில்லை. யோகேஷ் வருவதாகச் சொன்னது சாயங்காலம்தானே, அதற்குள் திரும்பிவிடலாம். பைக்கைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போக வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. தறிச் சத்தத்தில் பைக் கிளம்பியது யாருக்கும் கேட்டிருக்காது.

யோகேஷ் உச்சிப் பொழுதுக்கே பஸ் ஏறி வந்துவிட்டான். ஓமலூரில் அவன் மனைவி வித்யாவின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, எல்லோரையும் கூட்டிக்கொண்டு போக வண்டி வேண்டும். தறியை நிறுத்தாமலே மதுமதி எட்டிப் பார்த்தாள். வண்டி முடிந்ததா என்று கேட்டான். நட்டெல்லாம் போட்டாச்சு, கீழயும் எறக்கியாச்சு, மச்சானைத்தான் காணோம் என்றாள். அவன் கேட்டதும் அவள் சொன்னதும் அவ்வளவே.

யோகேஷின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வித்யாவின் போன் போகவே இல்லை. அன்பரசு பைக்கை எடுத்தார், மதுமதி பஞ்சை உதறாமலே பின்னால் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் அவள் ஒரு கையால் அவர் தோளையும் மறு கையால் போனையும் பிடித்துக்கொண்டு வந்தாள். தனக்குத்தானே ஏதோ பேசிக்கொண்டு வந்தாள். காற்றில் அவருக்குத் துண்டு துண்டாகத்தான் விழுந்தது. தலையாட்டினேனாமே, தலையாட்டினேனாமே என்று.

கொண்டலாம்பட்டி தாண்டும்போது போன் அடித்தது. அவள் போனை வலது காதில் அழுத்திக்கொண்டு, யோகேசு, யோகேசு என்றாள். பிறகு, தனக்குக் கேட்டது சரிதானா என்ற பயத்தில் அதை அன்பரசுவிடம் நீட்டினாள்.

"கருப்பூர் தாண்டித்தானுங்க மச்சான்," என்றான் யோகேஷ். "பின்னாடி ஆடுச்சு. பிரேக் புடிச்சேன். அப்படியே ஒரு பக்கமா இழுத்துட்டுப் போயி ரோட்டு நடுக்கட்டையில ஒரசிடுச்சு. எங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. நிலாவுக்குத்தான்…"

நிலா, யோகேஷ் வித்யாவின் மகள். பின் சீட்டில் முழங்காலிட்டுப் பின் கண்ணாடி வழியாகப் பின்னால் வரும் லாரிகளைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். தோள்பட்டைக்கு மேலே காறை எலும்பு விரிசல் விட்டிருந்தது. புருவத்தில் தையல். சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்திருந்தார்கள்.

அங்கே போனதும் மதுமதி யாருக்காகவும் நிற்கவில்லை. நேராக வித்யாவிடம் போனாள். வித்யாவின் சேலையில் குழந்தையின் ரத்தம் காய்ந்திருந்தது. மதுமதி அவள் கையைப் பிடிக்கப் போய், பிடிக்காமல் நின்றாள்.

"தப்பு என்ற மேலதான் வித்யா. உங்க அண்ணன் எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் போயிருக்கறாரு. இந்தப் பாழாப்போன காதுல விழலை."

அன்பரசு இரண்டடி பின்னால் நின்றிருந்தார். இல்லை என்று சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. வாய் திறந்தது. வித்யா முந்திக்கொண்டாள்.

"கேக்கலைன்னா இன்னொருக்கா கேட்டுத் தெரிஞ்சுக்கலாமில்லீங்க அண்ணி? எல்லாத்துக்கும் சும்மா தலையை ஆட்டினா?"

மதுமதி அதற்கும் தலையாட்டினாள். தான் ஆட்டுவது தெரிந்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

விடு வித்யா என்றான் யோகேஷ். அவனுக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அன்பரசுவைத் தனியே அழைத்துக்கொண்டு தண்ணீர் வைத்திருந்த மூலைக்குப் போனான். திட்டப் போகிறான் என்று அன்பரசு எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார்.

"ஊட்டுக்குப் போயி அக்காவை ஒண்ணும் சொல்லிராதீங்க மச்சான். வேணும்னு பண்ணுமா அது?"

"சொல்ல மாட்டேன் மாப்ள."

தன் குரலே பெருந்தன்மையாக ஒலித்ததை அன்பரசு கேட்டார். அதன்பின் பல நாள் அந்த இரண்டு வார்த்தைதான் அவர் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் முறுக்குப் பொட்டலத்தோடு நிலாவைப் பார்க்கப் போனார்கள். கழுத்திலிருந்து கையைத் தூளியில் கட்டியிருந்தார்கள். ஒரு கையால் முறுக்கை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மாமா, நீங்க பெரிய மெக்கானிக்குன்னு அப்பா சொன்னாங்க. அப்பறம் ஏன் வண்டி ஆடுச்சு?"

"மாமா சரியாத்தான் மாட்டினாங்க சாமி," என்றாள் மதுமதி, அவர் பதில் தேடுவதற்குள். "அத்தைக்குத்தான் காது கேக்கலை."

அப்ப அத்தைக்குத்தான் ஊசி போடணும் என்றாள் நிலா. எல்லோரும் சிரித்தார்கள். மதுமதியும் சிரித்தாள். கதவருகே நின்றிருந்த வித்யா மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டில் தறி நின்றுபோனது. பாவு பாதி நெய்தபடி அப்படியே கிடந்தது. நூல் கொடுக்கிறவர் ஆள் அனுப்பினார், பிறகு அவரே வந்தார். உடம்பு சரியில்லை என்றாள். காதைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் போனபிறகு, அவர் கடைசியாக என்ன சொன்னார், திங்களா செவ்வாயா என்று அன்பரசுவிடம் கேட்டாள். செவ்வாய் என்றார். சித்த நேரம் கழித்து மறுபடி வந்து கேட்டாள். தனக்கே சரியாகக் கேட்டதைக்கூட இப்போது அவள் இன்னொரு வாயால் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. குக்கர் விசிலுக்கு அடுப்பின் முன்னாலேயே நின்றாள். வாசலில் யாரோ கூப்பிட்டார்களோ என்று எழுந்து எழுந்து போய்ப் பார்த்தாள். தெருவில் பேசுகிறவர்களின் வாயை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றதில், பக்கத்து வீட்டுப் பெண் ஒரு நாள், என்ன அக்கா என்ற மூஞ்சில எதாச்சும் ஒட்டியிருக்குதா என்று கேட்டுவிட்டாள்.

அன்பரசு இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவளுக்கு ஒரு காது போனது தறியால். மிச்சமிருந்த காதை ஒரே ஒரு வாக்கியத்தால் அவரே அடைத்துவிட்டார். நிலாவின் எலும்பு கூடிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இது கூடுவதற்கு அவர் வாயைத் திறக்க வேண்டும்.

திறக்கவும் பார்த்தார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அன்னிக்கு நான் கெளம்பறப்ப என்று தொடங்கினார். அவள் கரண்டியோடு கையை உயர்த்திவிட்டாள். "அன்னிக்குப் பேச்சை எடுக்காதீங்க. எனக்கு நெஞ்சை அடைக்குது. நீங்க ஒரு வார்த்தை என்னைத் திட்டலை. அதுவே போதும்." அவர் சோற்றைப் பிசைந்தார். அவருக்கு அப்போது வந்தது நிம்மதி. அது நிம்மதிதான் என்று தெரிந்தவுடன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார்.

சொல்வதென்றால் ஒன்றோடு நிற்காது. சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டால், ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். உதிரிப் பாகம் வாங்க அரியானூர் போனேன் என்று சொல்லி வைத்திருந்தார். அப்படியானால் லாரியையும் சொல்ல வேண்டும். லாரியைச் சொன்னால் வாக்கைச் சொல்ல வேண்டும். பிறகு யோகேஷிடம், வித்யாவிடம், தையல் போட்ட புருவத்தோடு முறுக்குத் தின்கிற அந்தக் குழந்தையிடம். ஒவ்வொரு நாளும் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு அது பெரிதாகிக்கொண்டே போனது. சின்னண்ணன் போன் செய்து, அந்த வண்டியை வேறு பார்ட்டி பிடித்துவிட்டான், உனக்கு யோகமில்லை என்றார். நல்லதாப் போச்சு என்று வைத்துவிட்டார்.

காரை ஒரு வண்டியின் மேல் ஏற்றிக் கொண்டுவந்து கொட்டகையில் இறக்கினார்கள். அடிபட்ட கதவையும் மட்கார்டையும் டிங்கர் கடைக்குக் கொண்டுபோக வேண்டும், அதற்கு முன் பின்பக்கம் ஓடுகிற நிலைக்கு வர வேண்டும். வித்யாவுக்கு அது இந்த வீட்டுக்கு வருவதிலேயே இஷ்டமில்லை என்று மதுமதிக்குத் தெரிந்திருந்தது. யோகேஷ்தான் பிடிவாதமாக அனுப்பினான். நீங்களே மாட்டிக் குடுங்க மச்சான், உங்க கையில தப்பில்லையே என்றான் போனில். அன்பரசு சரி மாப்ள என்றார். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காரின் அடியில் குனிந்து பார்த்தார். இடது பக்கத்துப் போல்ட் இல்லவே இல்லை. துளை மட்டும் இருந்தது. நல்லவேளை, பீமுக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது பக்கத்தில் நட்டு கடைசி மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. மதுமதி கையால் திருகிய நட்டு. அவர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சுற்றுக்கூட அவள் திருகியிருக்கவில்லை.

அதே வாரத்தில் யோகேஷ் அக்காவை அஸ்தம்பட்டியில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப் போவதாகச் சொன்னான். இன்னும் முழுசாப் போறதுக்குள்ள பாத்துரலாம் என்றான். அன்பரசு நானும் வாரேன் என்றார். நீங்க வண்டியை முடிச்சு வையுங்க, அதுதான் முக்கியம் என்று சொல்லிவிட்டு அவள் காலை பஸ்ஸுக்குப் போனாள்.

அவர் முடித்தார். புது போல்ட், புது நட்டு. பீமை ஜாக்கியால் தூக்கும்போது துளைக்கு நேராக வரவில்லை. இந்த முறை கையை உள்ளே விட யாரும் இல்லை. தன் கையையே திணித்து, தோலை உரித்துக்கொண்டு போல்ட்டைத் தள்ளினார். ஸ்பிரிங்கை உட்கார வைத்தார். ஷாக்கின் அடிப் போல்ட்டைப் போட்டார். எல்லா நட்டையும் கையால் மட்டும் திருகினார். சக்கரத்தை மாட்டினார், இறக்கினார். பிறகு அங்கேயே சாக்கின் மேல் உட்கார்ந்தார். பாரம் ஏற்றாமல் முடுக்க முடியாது. அரிசி மூட்டையைத் தூக்கிப் பின் சீட்டில் ஒரு பக்கம் வைத்தார். மறுபக்கத்துக்கு ஆள் வேண்டும். கொட்டகையை விட்டு எங்கும் போகவில்லை. போன் இரண்டு தடவை அடித்தது, எடுக்கவில்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் மதுமதி வந்தாள். முகம் களைத்திருந்தது, ஆனால் வேறு எதுவும் அதில் எழுதியிருக்கவில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று அவள் எதிரே வந்து நின்று, வாய் தெரியும்படி கேட்டார். சொல்றனுங்க, முதல்ல இது என்ன பாக்கி என்றாள். பின் சீட்டில் உட்காரணும் என்றார். பையை வைத்துவிட்டு உடனே ஏறி உட்கார்ந்தாள். முதல்ல ஸ்பேனரைக் குடு என்றார். அவள் திறந்திருந்த கதவு வழியாகக் குனிந்து சாக்கின் மேலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் அடியில் நகர்ந்து போனார்.

மேலே அவள் அசைந்தபோது ஸ்பிரிங் லேசாக அமுங்கி எழுந்தது. ரப்பர் தன் இருப்புக்கு வந்து நின்றது. அவளுடைய பாரம் அவர் முகத்துக்கு ஒரு முழம் மேலே இருந்தது. அவர் ஸ்பேனரை மாட்டி ஒரு இழுப்பு இழுத்தார். இறுகியது. இன்னொன்று.

முகம் தெரியாத இடத்தில் சொல்வது சுலபமாக இருக்கும் என்று தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் உன்கிட்டச் சொல்லவே இல்ல மது."

தகரத்துக்கும் சீட்டுக்கும் மேலே போகாத குரலில்தான் சொன்னார். வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னார் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"என்னமோ சொன்னீங்களா?" என்று மேலிருந்து கேட்டது.

"ஸ்பேனர் கேட்டேன்."

"இப்பத்தானே குடுத்தேன்?"

"ஆமா. இருக்குது. இருக்குது."

அவர் அடுத்த பக்கத்துக்கு நகர்ந்தார். புதுப் போல்ட்டின் தலையைத் துணியால் தேவையில்லாமல் துடைத்தார்.

"அந்தக் காதுக்காரப் புள்ளையிருக்குதே," என்று மதுமதி பேசத் தொடங்கினாள். அவருக்குக் கேட்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளும் அவசரம் இல்லாமல், மெல்ல. "சின்னப் புள்ளைதான். ஒரு ரூம்புக்குள்ள என்னை உட்கார வெச்சு, காதுல மாட்டி, சத்தம் வந்தா கையைத் தூக்குங்கம்மான்னுச்சு. இடது போனது போனதுதானாமா. வலதுல ஒண்ணுமே இல்லீங்கம்மா, நல்லாக் கேக்குதுன்னு சொல்லுச்சு. நான் நம்பலை. உங்க மிசினு சரியில்ல சாமி, இன்னொருக்கா வெய்யின்னேன். சிரிச்சுட்டு இன்னொருக்கா வெச்சுது. அப்பவும் அதேதான். யோகேசு வெளிய வந்து, பாத்தியா அக்கா, ஒண்ணுமில்லைன்னு சொல்றான். அவனுக்குச் சந்தோசம். பஸ்ஸுல வர்றப்ப கண்டக்டரு பின்னாடி நின்னு சில்லறை கேட்டான். கேட்டுச்சு. முன்சீட்டுல ரெண்டு பேரு குசுகுசுன்னு ஒரு கல்யாணத்தைப் பத்திப் பேசிட்டு வந்தாங்க. அதுவும் கேட்டுச்சு. எல்லாம் கேக்குதுங்க எனக்கு."

அவர் ஸ்பேனரை நட்டில் மாட்டியபடி பிடித்திருந்தார். இழுக்கவில்லை.

"ஏனுங்க."

"ம்."

"தறிகிட்ட வந்து சொன்னேன்னீங்களே அன்னிக்கு. எந்தப் பக்கமா நின்னு சொன்னீங்க?"